சாப்பிடாதவன் பிடித்த மீன்

நான் மீன் சாப்பிட மாட்டேன். பிடிப்பேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சாப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள், சாப்பிடாதவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் நாங்கள் குடியிருந்த தெருவில் சிரிக்க ஆள் கிடையாது. எல்லாரும் இரண்டாவது கட்சி. அதனால் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வால்வு பட்டறையில் எனக்கு வரைபடம் போடும் வேலை. அங்கே லேத்தில் நின்ற ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அடையாறு முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துக்குக் கூட்டிப் போனார். கையில் தூண்டில் கொடுத்தார். அன்றைக்கு எதுவும் மாட்டவில்லை. ஆனால் தூண்டில் நரம்பு விரலில் லேசாக இழுத்த அந்த ஒரு கணம் பட்டறை, பஸ், வரன் பார்க்கும் படலம் எல்லாம் மண்டையிலிருந்து கழன்று போயின. லேத்காரர் அடுத்த மாதமே சலித்துப்போய் நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. பிடித்துவிட்டவனை விட பிடித்துப்போனவன் மோசம்.

பிடித்த மீனை என்ன செய்வது? வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்குத்தான் ஊரூர் குப்பத்துக்காரன் ஒருவன் வாய்த்தான். என் வயசுதான் இருக்கும். எனக்குத் தூண்டிலில் குத்த இறால் விற்பான். நான் பிடித்ததை அவனுக்கே கொடுத்துவிடுவேன். முதல் நாள் அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்புட மாட்டியா? அப்ப இன்னாத்துக்கு ஐயரே வெயில்ல குந்திகினு கீற?" என்றான். நான் சிரித்து மழுப்பினேன். அதன்பிறகு அவன் கேட்கவில்லை. சில ஞாயிறுகளில் தன் கட்டுமரத்தில் என்னைக் கடலுக்கும் கூட்டிப் போவான். அவன் வீட்டில் குழம்பு கொதித்தது, அவ்வளவுதான் அவனுக்குக் கணக்கு.

இதே கேள்வியை அப்பாவும் கேட்டார். அவரிடம் மழுப்ப முடியவில்லை.

அப்பா மத்திய அரசில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிவிட்டால், பதில் வரும்வரை அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார் என்று அவருடைய பழைய குமாஸ்தாக்கள் சொல்வார்கள். தூரத்து உறவு ஒருவர் உடைந்த பாலத்துக்குக் காற்று வாங்கப் போனவர், கையில் மீனோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டார். காற்றை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து செய்தியை விற்றார்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஈஸிசேரில் உட்கார்ந்தபடி, "பிடிச்சு என்ன பண்றே?" என்றார்.

"குடுத்துடறேன்."

"நீ சாப்பிடறியா?"

"இல்லைப்பா. சத்தியமா இல்லை."

"சாப்பிடறவன் பிடிச்சா அது பசி. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. சாப்பிடாதவன் பிடிச்சா அதுக்கு என்ன பேரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பொழுதுபோக்கு என்று சொல்லலாம். ஒரு உயிர் துடிக்கிறதில் உனக்குப் பொழுது போகிறதா என்று அடுத்த கேள்வி வரும். அப்பா பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்தினார் என்றால், பேச்சு அம்மா வழியாகப் போய்வர ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. மாமனார் மருமகளிடமும், சண்டை போட்ட அண்ணன் தம்பிகளும் இப்படி வருஷக்கணக்கில் பேசாமல் பேசுவார்கள். எங்கள் கூடமோ நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அந்தக் கூடத்தில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "காஸ் புக் பண்ணினானான்னு அவனைக் கேளு" என்பார். அம்மா சமையலறை வாசலில் நின்று, "பண்ணிட்டியாடா?" என்பாள். "பண்ணியாச்சு" என்பேன். "பண்ணிட்டானாம்" என்பாள் அப்பாவிடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. நடுவில் கொஞ்சம் தணிக்கையும் உண்டு. "அந்தத் தடியன் எழுந்துண்டானா?" என்று போகிற சேதி, "அப்பா காப்பி ஆறிடும்கறார்" என்று வந்துசேரும்.

முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. ஒரு வருஷம் தாண்டியதும் இரண்டும் போய், வெறுமே கஷ்டமாக இருந்தது. அப்பா என்னை 'டா' போட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று எனக்கு இருந்தது. மீன் பிடிப்பதை விட்டுவிட்டு நேரே போய் நின்றால் பேசியிருப்பாரோ என்னவோ. ஆனால் அவர் விடச் சொல்லவில்லையே. பதில் கேட்டிருந்தார். பதில் இல்லாமல் விட்டால் அவரைப் பொறுத்தவரை கோப்பு அப்படியேதான் கிடக்கும். பிடிவாதத்தில் நானும் அவர் பிள்ளைதான். ஞாயிறு தவறாமல் போனேன். திரும்பிவந்து கொல்லைக் குழாயடியில் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். அம்மா என் சட்டையைக் குச்சியால் தூக்கித் தனி வாளியில் போடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அக்காவும் அத்திம்பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். குழந்தைக்கு ஆண்டு நிறைவு. தி. நகரில் அத்திம்பேர் வீட்டில் ஆயுஷ்ஹோமம். அத்திம்பேர் நல்ல மனுஷர், ஆனால் கையில் ஒரு கருவி இருந்தால்தான் அவருக்குக் கை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். அந்த வருஷத்துக் கருவி ஒரு ஹாண்டிகாம். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிது. எல்லாரையும் எடுத்தார். அக்கா தோசை வார்ப்பதை எடுத்தார். அப்பா ஷேவிங் செய்வதை எடுத்தார். அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளை, இதுல பாக்க என்ன இருக்கு?" என்றார். மாப்பிள்ளையிடம் நேரே பேசுகிறாரே என்று எனக்குக் காந்தியது.

அத்திம்பேர் காமிராவோடு ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். தடித்த பிளாஸ்டிக்கில் செய்தது, முன்னால் வட்டமாகக் கண்ணாடி. தண்ணீருக்கடியில் நீந்துகிறவர்கள் காமிராவை இதற்குள் போட்டுக்கொண்டு குதிப்பார்களாம். மயிலாப்பூர் குளத்தில் அப்போது முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. பையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஒரு கடல் தேவைப்பட்டது. என் விஷயம் அக்கா மூலம் அவருக்குத் தெரியும். "நீ அந்த போட்காரனோட போவியாமே. இதை எடுத்துண்டு போடா. தண்ணிக்கு நடுவுல ஒரு மீனைப் பிடிச்சு எனக்குக் காட்டு" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு ஒன்று தோன்றியது. மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. படத்தைக் கொண்டுவரலாமே. படத்துக்குத் தீட்டு கிடையாது, நாற்றம் கிடையாது. நரம்பு இழுக்கும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று அப்பா ஒரு தடவை பார்த்தால், நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலை அவரே படித்துக்கொள்வார். இப்படித்தான் நினைத்தேன். அதை அவரிடம் எப்படிப் போட்டுக் காட்டுவது என்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை. அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

குப்பத்துக்காரன் காமிராவைப் பார்த்துவிட்டு, "கல்யாண வீடியோவா?" என்றான். விளக்கினேன். அதை எங்கே வைப்பது என்று ஒரு யோசனை நடந்தது. கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய நாலைந்து மரத்தண்டுதான். எதையும் நிறுத்திவைக்க விளிம்பு கிடையாது, தண்ணீர் மேலேயே புரண்டு போகும். என் மார்பில் கட்டினால் நான் தெரிய மாட்டேன். கடைசியில் அவன் தன் தலைத்துண்டை அவிழ்த்துப் பையைத் தன் நெஞ்சோடு வைத்து முதுகில் முடிச்சுப் போடச் சொன்னான். பின்பக்கம் உட்கார்ந்து துடுப்பு போடுகிறவன் அவன். முன்னால் இருக்கும் நான் எந்நேரமும் அவன் நெஞ்சுக்கு நேராகத்தான் இருப்பேன். கண்ணாடி வட்டத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "இன்னா ஐயரே, படம் பூரா உன் முதுவுதான் வரப்போவுது" என்றான்.

"மீன் மாட்டினா திரும்பி உக்காந்துக்கறேன். அப்ப இந்தப் பொத்தானை அமுக்கு. அதுக்கு முன்னால அமுக்காதே. பேட்டரி போயிடும்."

"அமுக்கிக்கலாம், நீ மொதல்ல புடி."

விடியலில் கிளம்பினோம். அலை உடைகிற இடத்தைத் தாண்டுகிறவரை நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். தாண்டிய பிறகு கடல் தூளி மாதிரி ஆடியது. கரை மெலிந்து ஒரு கோடாகி, பெசன்ட் நகர் கட்டிடங்கள் தீப்பெட்டிகளாகின. அத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற ஊரிலிருந்து துடுப்பு போடும் தூரத்தில் இப்படி ஆளே இல்லாத ஒரு இடம் இருப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான். அவன் பீடி பிடித்தான். புகை காமிராவில் படாமல் தலையைத் திருப்பி ஊதினான்.

வெயில் ஏறிய பிறகு பாறை மீன் ஒன்று மாட்டியது. நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் சொன்னபடி திரும்பி உட்கார்ந்தேன். அவன் சத்தியம் செய்கிறவன் மாதிரி நெஞ்சில் கையை வைத்துப் பொத்தானை அமுக்கினான். விட்டு இழுத்து, விட்டு இழுத்து, கடைசியில் அது மரத்தின் மேல் வந்து விழுந்து வாலால் அடித்தது. வெள்ளியில் லேசாக மஞ்சள். என் முழங்கை நீளம் இருந்தது. அதுவரை நான் பிடித்ததில் அதுதான் பெரியது. என் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. அவனும் சிரித்தான். படம் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கரை ஏறுகிறவரை எடு என்றேன்.

திரும்பும்போது அவன் மீனை வலைப்பையில் போட்டுக் கட்டச் சொன்னான். நான் கேட்கவில்லை. கையில் மீனோடு கரையில் இறங்குகிற மாதிரி படம் முடிய வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. முன்னால் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையில் கயிறு, ஒரு கையில் செவுளோடு கோத்துப் பிடித்த மீன் என்று வந்தேன். அலை உடைகிற இடத்தில் பின்னாலிருந்து ஒன்று தூக்கியது. மரத்தின் மூக்கு கீழே குத்தியது. நான் தண்ணீருக்குள் போனேன். வெளியே வந்தபோது மீன் இல்லை. அவன் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. கரையில் அவன் என்னைப் பார்க்காமல் முதலில் பையைத்தான் பார்த்தான். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

"கெட்டி சாமான்தான்," என்றான். "குழம்புதான் போச்சு."

அத்திம்பேருக்குப் பையைப் பற்றி ஒரே பெருமை. விழுந்த கதையை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அத்திம்பேர் காமிராவை வாங்கித் துடைத்துக்கொண்டு, "ஹோமம் எடுத்த டேப்லயே மிச்சம் இருந்தது, அதான் புதுசு போடலை. அப்பா பாக்கறப்போ ஹோமம் முடிஞ்சதும் நிறுத்திடறேன், கவலைப்படாதே" என்றார்.

நான் கவலைப்படவில்லை. நிறுத்தாமல் இருக்க மாட்டாரா என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் வாரத்தில் ஒரு சாயங்காலம் அத்திம்பேர் காமிராவிலிருந்து ஒயர் இழுத்து எங்கள் டிவியின் பின்னால் சொருகினார். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து ஈஸிசேரில் உட்கார்ந்தார். டிவியில் தன்னைப் பார்க்கப் போகிறவர் வெறும் உடம்போடு உட்காரலாமா என்ற கௌரவம். அம்மா தரையில். நான் பின்னால், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

ஹோமம் ஓடியது. புகை வந்தது. குழந்தை அழுதது. சாஸ்திரிகள் ஒரு இடத்தில் மந்திரத்தைத் தாவிவிட்டார் என்று அப்பா கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னார். பாதியில் உள்ளறையில் போன் அடித்தது. தி. நகரிலிருந்து அத்திம்பேருக்கு. அவர் போனார். அக்கா கொல்லையில் குழந்தைக்குக் கால் அலம்பிவிட்டுக்கொண்டிருந்தாள். திரையில் ஆரத்தி எடுத்தார்கள். படம் ஒரு தடவை நடுங்கிவிட்டு நீலமாகக் கடல் வந்தது. கடலுக்கு நடுவில் நான்.

"இது யாரு?" என்றார் அப்பா. உடனே தெரிந்துகொண்டார். "நிறுத்தச் சொல்லு" என்றார்.

"எதை அமுக்கணும்னு எனக்கென்ன தெரியும்? மாப்பிள்ளை வரட்டும்" என்றாள் அம்மா. பிறகு, "பாருங்கோ, இந்தச் சட்டையைத்தான் நான் ஊரெல்லாம் தேடிண்டிருந்தேன்" என்றாள்.

எதை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை.

பையின் ஓரம் வியர்த்திருந்ததால் படத்தைச் சுற்றிப் பனி மாதிரி இருந்தது. நடுவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நரம்பை இழுத்தேன். நான் கற்பனை செய்துவைத்திருந்த முகம் அது இல்லை. மலச்சிக்கல்காரன் முகம். மீன் மரத்தில் விழுந்து துடித்தது. நான் சிரித்தேன். மீன் நிறுத்தி நிறுத்தி வாயைத் திறந்தது. கடலில் இருந்தபோது இதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. எங்கள் கூடத்தில், ஊதுவத்தி வாசனையில், அது ரொம்ப நேரம் வாயைத் திறந்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா கையில் விசிறியை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என் பதில் அவரிடம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்வியே இன்னும் பெரிதாகித் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்று நகர்ந்தேன்.

அதற்குள் படத்தில் நான் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். இப்போது தெரிந்தது என் முதுகும், ஒரு கையில் தொங்கிய மீனும், ஆடிக்கொண்டு கிட்டே வருகிற கரையும்தான். முதுகைப் பார்ப்பதில் தோஷம் ஒன்றும் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா நிமிர்ந்தார். அலை தூக்கியது. படம் மொத்தமும் சாய்ந்தது. நான் பக்கவாட்டில் சரிந்தேன். கயிறு பிடித்த கை நழுவியது. கண் மூடித் திறக்கும் நேரம் என்று நான் நினைத்திருந்தது டிவியில் நீண்டுகொண்டே போனது. இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள் போய்விட்டது, காலி கை மரத்தைத் தேடி வழுக்குகிறது, இன்னொரு கை மீனை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கையை நான் கீழே இறக்கவே இல்லை. துடுப்பு போட்டவன் கத்தினான். பிளாஸ்டிக்குக்குள் அது என்ன வார்த்தை என்று புரியவில்லை.

அப்பா ஈஸிசேரிலிருந்து பாதி எழுந்துவிட்டார். விசிறி கீழே விழுந்தது. கையைத் திரையை நோக்கி நீட்டிக்கொண்டு, "மீனை விட்டுட்டு மரத்தைப் பிடிடா" என்றார்.

படத்தில் எல்லாம் வெள்ளை நுரையாகி, ஒரு தடவை வானம் வந்து, அப்படியே அணைந்தது. அவர் எழுந்த நிலையிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் நாலடி தூரத்தில் காய்ந்த சட்டையோடு நான் நிற்கிறேன் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

"விட்டுட்டேம்பா," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அம்மா வழக்கம்போல என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, "விட்டுட்டானாம்" என்றாள்.

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. "எனக்குக் காது கேக்கறது."